தேதிக்காரர் அழித்த தேதிகள்

எங்கள் போட்டோ லேபில் அவருக்குத் தேதிக்காரர் என்று பெயர். வைத்தது நான்தான். கல்யாண குரூப் படம் என்றால் ஒரு ஷாட்டில் மாமனார் கண்ணை மூடியிருப்பார், அடுத்ததில் மாப்பிள்ளை கொட்டாவி விடுவார். இரண்டிலும் நல்ல முகங்களை எடுத்து ஒரே படமாக ஒட்டுவது அவர் வேலை. அப்படி ஒட்டிய படத்துக்குக் கம்ப்யூட்டர் இன்றைய தேதியைப் போட்டுவிடும். எடுத்த நாள், நேரம், எந்த கேமரா என்று படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் விவரமெல்லாம் காற்றோடு போய்விடும். தேதிக்காரர் விடமாட்டார். பழைய படத்திலிருந்து அந்த விவரத்தை எடுத்துப் புதுப் படத்தில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிடவே எழுந்திருப்பார்.

நான் அவருக்குப் பக்கத்து சீட். படங்களை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றும்போது 'விவரங்களையும் சேர்த்து வை' என்ற கட்டத்தில் டிக் போட மறந்தால் அன்று முழுக்க எனக்கு அர்ச்சனைதான்.

"எப்ப எடுத்ததுன்னு தெரியாத படம் யாரோ எவரோ படம்மா. அதை வெச்சு என்ன பண்ண?" என்பார்.

இந்த மனிதருக்குத்தான் ஒரே ஒரு ஆள்மேல் வயிற்றெரிச்சல். அவர் மனைவியின் அக்கா. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி, இவருக்கு லேபில் நேரம் காலம் கிடையாது. அதனால் மகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வளர்த்தது, இவர் அண்ணி என்று கூப்பிடும் அந்த அக்காதான், நாலு மணி நேர பஸ் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இவர் பொம்மையும் பையுமாகப் போய்விட்டு இருட்டுவதற்குள் பஸ் பிடிப்பார். இப்போது மகள் ஐந்தாம் வகுப்பு, அப்பா அம்மாவோடுதான் இருக்கிறாள். ஆனாலும் தலைவலி என்றால் போன் போவது பெரியம்மாவுக்கு. தலையில் பேன் என்றாலும் பெரியம்மாவுக்கு.

"பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்," என்று என்னிடம் பொருமுவார். எனக்குச் சிரிப்பு வராது. எனக்கும் ஓர் அக்கா இருக்கிறாள். என் பையன் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் என் சமையலில் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுவான். அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மகள் தன் சின்ன வயதுப் படங்களை ஒரு புத்தகமாகப் போட்டுத் தரச் சொன்னாள். பெரியம்மா தன் போனிலிருந்த மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தனுப்பினாள். "காப்பி எடுத்துட்டு காலி பண்ணிக் குடுங்க தம்பி, இடமே இல்ல" என்று செய்தியும் வந்தது. அந்தப் படங்களையும் தன் போனில் இருந்தவற்றையும் ஒன்றாகச் சேர்க்க உட்கார்ந்தார் தேதிக்காரர். முதல் பல், முதல் நடை, முதல் செருப்பு. ஒவ்வொன்றையும் திறந்து விவரம் பார்த்தார். எல்லாம் அண்ணியின் போன். இவர் எடுத்ததில் பாதியில் பிள்ளை தூங்கியது, மீதியில் இவரைப் பார்த்து அழுதது.

"பாத்தியாம்மா, நான் விருந்தாளி," என்றார். முகம் சுண்டிவிட்டது.

பிறகு இரண்டு ஃபோல்டரையும் ஒன்றாக்கினார். ஃபைல் பெயர்கள் ஒன்றோடொன்று இடிக்கும் என்று எல்லாவற்றுக்கும் புது நம்பர் கொடுத்தார். பிரிண்டுக்கு ஏற்ற ஃபார்மட்டுக்கு மாற்றும் கட்டம் வந்ததும், வழக்கமாக இருக்கும் டிக்கைத் தன் கையாலேயே எடுத்தார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். பட்டனை அமுக்கினார். எந்த நாள், யார் போன், ஒன்றும் மிஞ்சவில்லை; எல்லாப் படத்திலும் அன்றைய செவ்வாய்க்கிழமைத் தேதிதான். மாற்றுவதற்கு முந்தைய காப்பிகளை அழித்தார், கார்டையும் அண்ணி கேட்டபடியே துடைத்துக் கொடுத்தார். அது மறதி இல்லை, பொறாமை. வேறு பெயர் வைத்து ஒப்பேற்ற நான் தயாரில்லை.

அடுத்த வாரமே வினை வந்தது. புத்தகம் வயது வரிசையில் வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் கீழே தேதி வேண்டும் என்றாள் மகள். லேபுக்கே வந்து கம்ப்யூட்டரில் பார்த்தாள். நடக்கிற பிள்ளைக்குப் பின்னால் தவழ்கிற பிள்ளை, மொட்டைத் தலைக்கு முன்னால் இரட்டைச் சடை.

"என்னப்பா இப்படிக் கலைஞ்சு கெடக்கு? பெரியம்மாவ வரச் சொல்லட்டா?"

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அண்ணி வந்தாள். என் நாற்காலியைத்தான் பிடுங்கிக்கொண்டாள். மகள் அவள் தோளில் சாய்ந்துகொள்ள, அண்ணி சொல்லச் சொல்ல இவர் தட்டச்சு செய்தார்.

"இது காதுல எறும்பு கடிச்ச மறுநாள். ஜூலை மாசம் பதினாலு. இது நீ சோப்பத் தின்னியே, அதுக்கு முந்தின வாரம். இந்தச் சட்டை அளவு பத்தாமப் போனது மழைக்காலத்துல."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தேதிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். துடைத்துப் போட்டதையெல்லாம் அவள் வாயால் கேட்டு, தன் விரலாலேயே திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. ஒன்றிலாவது அவள் தடுமாறமாட்டாளா என்று அவர் ஏங்கியது எனக்கே தெரிந்தது.

தடுமாறினாள். அடுத்த படத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்கிற பிள்ளை.

"இது வேணாம், தள்ளுங்க தம்பி."

"ஏன் பெரியம்மா? நல்லாத்தான இருக்கு?"

"என்ன நல்லாருக்கு?" அண்ணியின் குரல் ஏறியது. "உங்கப்பா பஸ் ஏறிப் போனப்புறம் எடுத்தது. ஞாயித்துக்கிழமை ஆனா இதே கூத்துதான். ஜன்னல விட்டு வரமாட்ட. சோத்தக் காட்டுனாலும் திரும்பமாட்ட. வாரம் பூரா ராப்பகலா தூக்கிச் சுமந்தவ நானு. மத்தியானம் வந்துட்டு சாயங்காலம் போற மனுஷனுக்கு இப்படி ஒரு காத்திருப்பு. எனக்குப் பத்திக்கிட்டு வரும்."

தேதிக்காரரின் விரல்கள் நின்றன. அவர் நாற்காலியைத் திருப்பி அண்ணியைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவளை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எந்த ஞாயிறு அண்ணி?" என்று கேட்டார்.

"மத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு. இத நான் ஞாபகம் வெச்சுக்கல. வெச்சுக்கப் பிடிக்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதான் படத்துக்குள்ளயே இருக்கும்பீங்களே தம்பி, பாத்துப் போடுங்க."

அவர் படத்தின் விவரத்தைத் திறந்தார். மகள் எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா போட்டிருக்கு?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை," என்றார் தேதிக்காரர்.