அல்பிரட் தேடிய இரண்டாம் குரல்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது அல்பிரட்டின் மகள் நிரோஷா அழைத்தாள். "அங்கிள், அப்பா விடியவே போயிட்டார். நித்திரையிலதான்." பிறகு, "ஒருத்தரோடையும் சண்டை பிடிக்காமல் போயிட்டார்," என்றாள். மீன்காரர் வெட்டிய பாரைத் துண்டுகளைப் பையில் போட்டு நீட்டியபடி நின்றார். அதை வாங்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை வாசிப்பவர்களில் பலர் அல்பிரட்டோடு பத்திரிகையில் வேலை செய்தவர்கள். சிலர் அவரிடம் அடியும் வாங்கியவர்கள். அவர் சாந்தமானவர் என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். குற்றச் செய்திகளை எழுதிய அந்த மனிதர் தானும் ஒரு வழக்குக்குக் காலடி தூரத்திலேயே வாழ்ந்தார். குண்டுவெடிப்பில் இறந்த ஒருவரின் வயதைப் பிழையாக அச்சுக்கு விட்ட உதவி ஆசிரியரை நோக்கி அவர் எறிந்த ஸ்டேப்ளர், ஆசிரியரின் அறைக் கண்ணாடியை உடைத்தது. "செத்தவன்ர பேர், வயசு, ஊர் மூண்டும் சரியா இருக்கோணும். உயிரோட இருக்கிறவன் வந்து சண்டை பிடிப்பான். செத்தவனுக்கு நாங்கள்தான் பிடிக்கோணும்," என்றார் அன்று.

அவர் எனக்குத் தந்த தொழில் அறிவு ஒன்று உண்டு. கோட்டைப் பக்கம் ஒரு கட்டடம் குண்டு வெடித்து இடிந்து கிடந்தது. கண்ணாடி மழைபோல் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. நான் குறிப்பெடுக்கத் தொடங்கினேன். அவர் என் பிடரியில் ஓங்கி அறைந்தார். "எழுதாத. கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டு கேள். உயிரோட ஆர் இருக்கினம் எண்டு கண்ணுக்குத் தெரியாது மச்சான். காதுதான் சொல்லும்." கேட்டோம். இடிபாட்டுக்குள் ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு உயிர்த்த ஞாயிறு வந்தது. அல்பிரட்டின் மனைவி ஜெசி கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவில் முதல் குரல் பாடியவர். பிலோமினா என்ற அயல்வீட்டுப் பெண் அதற்குக் கீழே ஒலிக்கும் இரண்டாம் குரல். முதல் குரல் தூணோரம் நிற்கும், இரண்டாம் குரல் நடுவழியோரம் நிற்கும். அது அந்தக் குழுவின் வழக்கம். அந்தக் கிழமை ஜெசிக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஒத்திகையில் இருவரும் குரலையும் இடத்தையும் மாற்றிக்கொண்டார்கள். ஞாயிறு காலையும் அப்படியே நின்றார்கள். பூசை நடுவே கோயிலுக்குள் குண்டு வெடித்தபோது தூண் பிலோமினாவைக் காப்பாற்றியது, நடுவழியோரம் நின்ற ஜெசி இறந்தார்.

சவப்பெட்டி வீட்டில் இருக்கும்போதே அல்பிரட் பிலோமினாவின் தம்பியின் மூக்கை உடைத்தார். பிலோமினா காதிலும் தோளிலும் கட்டுப் போட்டபடி வாசலில் நின்றார். "நீ நிண்டிருக்க வேண்டிய இடத்தில என்ர மனிசி நிண்டாள்," என்று அல்பிரட் கத்தினார். நாலு பேர் சேர்ந்து அவரைப் பிடித்துவைத்திருந்தோம். அந்த வாசகத்தை அவர் அதற்குப் பிறகு சந்தித்த எல்லோரிடமும் சொன்னார்.

நிரோஷா அவரை வெள்ளவத்தைக்கு, தன் தொடர்மாடி வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். அங்கே அவருக்கு ஒரு வேலைதான் இருந்தது. அந்த ஒத்திகையை யாரோ போனில் பதிவு செய்திருந்தார்கள். அதை மடிக்கணினியில் போட்டு, ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை இழுத்து, பழைய அம்ப்ளிஃபயர் வழியாகப் பெரிய ஸ்பீக்கர்களில் கேட்பார். இரைச்சலுக்கும் கரகரப்புக்கும் நடுவே ஒரு பெண்ணின் குரல் மேலே ஏறும். அது ஏறும்போது அவர் கண்ணை மூடுவார். சத்தம் கூடிப்போனதென்று கீழ்வீட்டு ஹாஜியார் ஏறிவந்து, "அல்பிரட் நானா, கொஞ்சம் குறைங்களே," என்றார். அல்பிரட் அவருடைய சட்டைக் கொலரைப் பிடித்ததோடு அவர்களுடைய நட்பு முடிந்தது.

நிரோஷா டாக் (DAC) என்ற கருவி ஒன்றை வாங்கிவந்தது அப்பாவுக்குப் பரிசாகத்தான். கணினியில் எண்களாகக் கிடக்கிற பாட்டை மின்சாரமாக மாற்றி அம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற சிறிய பெட்டி அது. மடிக்கணினிக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. ஆனால் அது மலிவானது, உள்ளே ஓடுகிற மற்ற எல்லாவற்றின் இரைச்சலையும் சேர்த்தே கொடுக்கும். நான் நம்பாதவனாகத்தான் போய் உட்கார்ந்தேன். பதிவில் இல்லாத எதையும் ஒரு பெட்டியால் கொண்டுவர முடியாது. அது இன்றைக்கும் என் கருத்து.

பெட்டியைச் செருகியதும் இரைச்சல் போய்விட்டது. கோயில் மண்டபத்தின் வெறுமை கேட்டது. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சுவிட்டது. குரல் ஏறியது. இதுவரை மங்கிப் பூசியது போலிருந்த அதற்கு இப்போது தெளிவான ஓரம் இருந்தது, பல்லிடுக்கில் காற்று போவதும் கேட்டது. அல்பிரட் கண்ணைத் திறந்தார்.

"இது ஜெசி இல்லை."

நிரோஷா சிரித்தாள். "அப்பா, எத்தனை வருசமாக் கேக்கிறீங்கள்."

"இது அவள். பிலோமினா."

எழுந்து குசினிக்குப் போனவர் அம்மிக்குழவியோடு வந்தார். முதல் அடியில் பெட்டி பிளந்தது. அடுத்ததில் மேசைக் கண்ணாடி போனது. தடுக்கப் போன என் தோளில் குழவி உரசியது. நிரோஷா சுவரோடு சாய்ந்து காதுகளைப் பொத்திக்கொண்டாள். களைத்தபின், கையில் இரத்தத்தோடு, பழைய வயரையே செருகிக் கேட்டார். பழைய இரைச்சல், பழைய கரகரப்பு. ஆனால் குரல் திரும்பவில்லை. அதிலும் இப்போது பிலோமினாதான் பாடினார்.

ஒத்திகையில் இடம் மாறினார்கள் என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். குரலும் மாறியிருக்கும் என்று அந்தப் பதிவோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. சாட்சிகளின் முரண்பாட்டை ஒரு வாசிப்பில் பிடிக்கிறவர், தான் வெறுத்தவளின் குரலை இத்தனை காலம் கண்ணை மூடிக் கேட்டிருக்கிறார்.

"அப்ப ஜெசி எங்க?" என்றார். அதை அவர் கத்தவில்லை.

இரண்டாவது பெட்டியை நான்தான் கொள்ளுப்பிட்டியில், நிரோஷா முதலாவதை வாங்கிய அதே கடையில், வாங்கினேன். "முதல் எடுத்ததுக்கு என்ன நடந்தது சேர்?" என்று கடைக்காரர் கேட்டார். அம்மிக்குழவி பட்டதென்றேன். "அதுக்கு வொரண்டி இல்லை," என்றார் அவர், முகம் மாறாமல்.

புதுப் பெட்டியிலும் அல்பிரட்டால் ஜெசியைப் பிரித்தெடுக்க முடியவில்லை. மேல்குரலுக்குக் கீழே ஏதோ இருந்தது. ஆர்மோனியமா மனிதக் குரலா என்று எனக்கும் தெரியவில்லை. அதை அடையாளம் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். நான் கொட்டாஞ்சேனைக்குப் போய் பிலோமினாவிடம் கேட்டேன். "அடிப்பாரோ?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். சாரியை மாற்றிக்கொண்டு வந்தார்.

அல்பிரட் அவரை வாவென்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பாட்டைப் போட்டார். குண்டுவெடிப்பில் ஒரு காது செவிடான பிலோமினா, கேட்கிற மற்றக் காதைத் திருப்பிவைத்துக்கொண்டு, "மேல கேக்கிறது நான்," என்றார். அல்பிரட் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். பிலோமினா அசையவில்லை.

"அடிக்கிறதெண்டால் பாட்டு முடிய அடியுங்கோ அண்ணன். இப்ப அவ வரப்போறா."

அல்பிரட் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ர குரலை விடுங்கோ," என்றார் பிலோமினா. "ஆர்மோனியத்துக்கு மேல, எனக்குக் கீழ. கேக்குதா? இந்தச் சொல்லில அவவுக்கு இருமல் வருது. விழுங்கிப்போட்டுப் பாடுறா. இதோ."

கேட்டது. தடித்த, தொண்டை கட்டிய, சின்னக் குரல். ஒரு சொல்லின் நடுவே அடைத்து, மீண்டும் வந்தது. அதுவரை அதை நான் ஆர்மோனியம் என்றே நினைத்திருந்தேன். அல்பிரட் என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பு நொறுங்கும் என்று நினைத்தேன். பாட்டு முடிந்து, பிலோமினா காட்டிய இடத்திலிருந்து மீண்டும் போடச் சொல்லி, அதுவும் முடியும்வரை விடவில்லை. நிரோஷா தேநீர் கொண்டுவந்தாள். அல்பிரட் தன் கோப்பையை எடுத்துப் பிலோமினாவின் முன்னால் வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதாக நான் அறியேன். பிலோமினா குடித்தார். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் வந்துபோனார்.

அந்தக் கடைசிக் காலத்திலும் அல்பிரட் யாருக்கும் பணிந்தவரல்ல. ஹாஜியாரோடு சமாதானமும் ஆகவில்லை. அவரைத் திருந்தியவராக எழுத எனக்கு உரிமையில்லை. நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது அந்தப் பிடி. அடிப்பதற்காகவே பழகிய கை, ஒரு சின்னக் குரல் தப்பிப் போய்விடாமல் இருக்க, பக்கத்தில் இருந்தவனைப் பற்றிக்கொண்டது. நான்கு விரலும் பதிந்த நீலம் பல நாள் என் மணிக்கட்டில் இருந்தது. அது மறைந்துபோனது எனக்குப் பிடிக்கவில்லை.