முத்துக்குமாருவின் மாப்பிள்ளைக் கார்

அறுபதுகளில் கலியாணம் செய்த யாழ்ப்பாணத்துக் கரவெட்டி ஆண்களில் பாதிப் பேரைப் பெண் வீட்டுப் படலை வாசலில் கொண்டுபோய் இறக்கியவர் முத்துக்குமாரு. கறுப்பு நிற ஒஸ்ரின் ஏ-40. வாடகைக் கார்தான், ஆனால் ஊரில் அதற்கு மாப்பிள்ளைக் கார் என்றுதான் பெயர். ஐம்பத்தாறில் வாங்கி எழுபத்தொன்பதில் விற்கும்வரை அந்தக் காரைத் தன் கையாலேயே கழுவினார், வேறு ஒருவர் கை வைக்க விட்டதில்லை.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் கார் ஓட்டுவது லேசான வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் ஓட்டிப் பார்க்கட்டும். முன்னால் மேளகாரர் சந்திக்குச் சந்தி நின்று வாசிப்பார்கள். ஒரு தவில்காரருக்கு உசார் வந்துவிட்டால் அரைமணி நேரம் நகரமாட்டார். பின்னால் கார் ஊர வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி ஊர வேண்டும். எஞ்சின் மட்டும் ஓய்ந்துவிடக் கூடாது. ஓய்ந்தால் போச்சு. மாப்பிள்ளை இருந்த கார் நடுவழியில் நின்றது என்று பெண் வீட்டுச் சனம் பத்து வருசத்துக்குக் கதைக்கும். முதல் பன்னிரண்டு வருசத்தில் முத்துக்குமாருவின் கார் ஒருதரம்கூட அப்படி நின்றதில்லை.

ஊராருக்கு மாப்பிள்ளைக் கார் ஓட்டி ஓட்டியே மனுசனுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. மூன்று தங்கைமாருக்கும் கலியாணம் ஒப்பேற்றி முடித்து, அறுபத்தெட்டாம் ஆண்டு தை மாதம்தான் அரியாலை ஞானாம்பிகையைக் கைப்பிடித்தார். சீதன வீட்டுக்கு இன்னும் கூரை ஏறாதபடியால், எங்கள் பக்கத்து வழமைக்கு மாறாகப் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தாள். அங்கே முத்துக்குமாருவின் தாயார் பூரணம் இருந்தார். நல்ல மனுசி, பசித்தவனுக்குத் தன் சோற்றைக் கொடுப்பார். வாய்தான் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்று நான் சொல்வதும் மரியாதைக்காகத்தான்.

ஞானாம்பிகை அதிகம் கதைக்கமாட்டாள். காலையில் முத்துக்குமாரு பொனற்றைத் திறந்து தண்ணீர், ஒயில் பார்க்கும்போது தேத்தண்ணியோடு வந்து நிற்பாள். வெள்ளிக்கிழமைகளில் தலை முழுகி, சந்தனக் கிண்ணத்தோடு வந்து எஞ்சினுக்கு ஒரு பொட்டு வைப்பாள். இவ்வளவு காலம் தனியாக இருந்த மனுசனுக்கு அதைப் பார்க்கவே வயிறு நிறைந்துவிடும்.

வைகாசியில் கார் நிற்கத் தொடங்கியது.

காலையில் குளிர் எஞ்சின் ஒரு குறையும் இல்லாமல் எடுக்கும். ஓட்டத்திலும் பிழையில்லை. நன்றாகச் சூடேறிய பிறகு எஞ்சினை ஓடவிட்டபடி ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால்தான் அதற்கு வருத்தம் வரும். எஞ்சின் குலுங்கும், பின்னால் கறுப்புப் புகை வரும், இரண்டு தரம் இருமிவிட்டு ஓய்ந்துவிடும். மூன்று ஊர்வலங்களில் ஐந்து தரம் நின்றது. ஒரு மாப்பிள்ளையைத் தோழனும் சித்தப்பனுமாகக் காரோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டுபோய்ப் பெண் வீட்டில் விட்டார்கள்.

நெல்லியடியில் கார் திருத்தும் கராச் வைத்திருந்த சிமியோன் பிளக் மாற்றினார், பொயின்ற் தேய்த்தார், எஞ்சினைத் துடைத்துப் பார்த்தார். கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வெறும் ஓட்டத்தைக் கூட்டி வைத்தபோது கார் நிற்கவில்லை, ஆனால் மேளகாரரின் முதுகை முட்டப் பார்த்தது. அதையும் குறைக்க வேண்டியதாயிற்று.

பூரணத்துக்கு இதற்கெல்லாம் வேறு கணக்கு இருந்தது.

"பன்னிரண்டு வருசம் ஒழுங்கா ஓடின கார். தையிலை இந்த வீட்டுக்குப் புதிசா வந்தது என்ன? நான் ஒண்டும் சொல்லேல்லை, ஊர் சொல்லுது."

ஊர் சொல்லவில்லை. பூரணம்தான் ஊருக்குச் சொன்னார், படலை படலையாகப் போய்ச் சொன்னார். கடைசியில் ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை மகனைக் கூப்பிட்டு ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"கார் சரிவருமட்டும் உவள் தாய் வீட்டிலை இருக்கட்டும். புதன்கிழமை கொண்டுபோய் விடு, மோனை."

கால் வைத்த நேரம் சரியில்லாதவள் என்ற பெயரோடு தாய் வீட்டுக்குப் போனவளை அந்தப் பெயர் சாகும்வரை விடாது. முத்துக்குமாருவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. தாயை எதிர்த்துப் பேசவும் தெரியாது, பெண்சாதியை விட்டுவிட்டு இருக்கவும் முடியாது. புதன் விடிந்ததும் சிமியோனின் கராச்சில் போய் நின்றார்.

"அண்ணை, இண்டைக்கு இது சரிவரவேணும். கார் போனாலும் பரவாயில்லை, அவள் போகக்கூடாது."

சிமியோன் பாசையூர்த் தேவாலயத்தடியில் பிறந்த வேதக்காரர். அவசரப்படாத மனுசன். சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு காரில் ஏறினார்.

"ஆறின எஞ்சினை நீர் என்னட்டைக் கொண்டுவந்து தந்து நான் பாத்தது பிழை. சூட்டிலை வாற வருத்தத்தைச் சூட்டிலைதான் பாக்கவேணும். தொண்டைமானாத்துக்கு விடும்."

தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலடிக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் நன்றாகக் கொதித்திருந்தது. எஞ்சினை ஓடவிட்டபடியே காரை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார்கள். ஐந்து நிமிசத்தில் குலுக்கம் தொடங்கியது, புகை வந்தது. சிமியோன் பொனற்றைத் திறந்து, காபரேற்றரின் பக்கத்தில் இருக்கும் பெற்றோல் கிண்ணத்தின் மூடியைத் திருகுசாவியால் கொஞ்சம் தளர்த்தினார். புஸ் என்று காற்று வெளியே வந்தது. எஞ்சின் குலுக்கத்தை விட்டுவிட்டு, பால் குடித்த பிள்ளை மாதிரி அமைதியாக ஓடத் தொடங்கியது.

"பாத்தீரோ? மூடியிலை ஒரு சின்ன ஓட்டை இருக்கும், கிண்ணம் மூச்சு விடுறதுக்கு. அது அடைச்சிருக்கு. சூட்டிலை பெற்றோல் ஆவி வெளியிலை போக வழியில்லாமல், உள்ளுக்கை இருக்கிற பெற்றோலைத் தள்ளி எஞ்சினுக்கை ஊத்துது. ஓடேக்கை சமாளிக்கும், நிக்கேக்கை மூழ்கிப்போகும்."

முத்துக்குமாரு குனிந்து பார்த்தார். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் சந்தனப் பொட்டு இருந்தது. வெள்ளிக்கு வெள்ளி, பொட்டுக்கு மேல் பொட்டாக வைத்து, சூட்டில் காய்ந்து, சீமெந்து மாதிரி இறுகிக் கிடந்தது.

"நான் துடைக்கிற நேரமெல்லாம் உந்தப் பொட்டைச் சுத்தித்தான் துடைச்சனான், அண்ணை. ஒயில் சீலையாலை சாமிப் பொட்டை அழிக்கிறதோ எண்டு."

"நானும் தொடேல்லை," என்றார் சிமியோன். "உங்கடை சமய விசயம், ஒரு வேதக்காரன் கை வைக்கிறது மரியாதை இல்லை எண்டு விட்டிட்டன். ரெண்டு பேருமாச் சேந்து மரியாதை பாத்து எஞ்சினைக் கொண்டிட்டம்."

முத்துக்குமாரு நகத்தாலும் ஊசியாலும் பொட்டைச் சுரண்டி எடுத்தார். வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. கார் சரி. ஆனால் காரணத்தைச் சொன்னால்? மருமகளால்தான் கார் நின்றது என்று தாய் சொன்னது உண்மையாகிவிடுமே. பொய்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு கட்டினார்.

வீட்டில் ஞானாம்பிகை தகரப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வாசலில் நின்றாள். பூரணம் சுளகில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

"கார் சரிவந்திட்டுது," என்றார் முத்துக்குமாரு. "தூசி. ஒரு ஓட்டையிலை தூசி அடைச்சிருந்தது."

ஞானாம்பிகை அவர் கையைப் பார்த்தாள்.

"உங்கடை நகத்திலை சந்தனமெல்லோ கிடக்கு."

அவருக்குப் பொய்யில் பழக்கமில்லை. ஒரு பொய்க்கு மேல் இரண்டாவது வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு விளங்கிவிட்டது.

"அப்ப மாமி சொன்னது சரிதான். கார் நிண்டது என்னாலைதான்." அவள் அழவில்லை. குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

"வை பெட்டியை," என்றார் பூரணம்.

முருங்கையிலை உருவின கை நின்றுவிட்டது. "பொட்டை வெளியிலை வைச்சால் புழுதி அழிச்சுப்போடும், உள்ளுக்கை எஞ்சினிலை வை எண்டு குசினி அடுப்படியிலை வைச்சு உனக்குச் சொன்னது ஆர்?"

ஞானாம்பிகை பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஆரெண்டு கேக்கிறன்."

"நீங்கள்தான், மாமி."

"பிறகேன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனி? நான் ஊரெல்லாம் உன்னைப் பேசித் திரியிறன், நீ அடுத்த வெள்ளியும் நான் சொன்ன இடத்திலை பொட்டு வைச்சுக்கொண்டு நிக்கிறாய்."

குசினிக்குள் நடந்த அந்தக் கதை இரண்டு பெண்களுக்கு மட்டும்தான் தெரியும். பூரணம் பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும். அவர் சுளகைத் தள்ளிவிட்டு எழும்பி, உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மருமகளின் பெட்டியைத் தன் கையாலேயே தூக்கி அறைக்குள் வைத்தார்.

"மோனை, காரை எடு. பிள்ளை, நீ பின்னாலை ஏறு. நான் ஆராருக்குச் சொன்னனோ அவையிட்டையெல்லாம் போகவேணும். எஞ்சினை நிப்பாட்டப்படாது. ஒவ்வொரு படலையிலும் ஓடினபடி நிக்கட்டும், அவையும் பாக்கட்டும்."

பதினான்கு படலைகள். பூரணம் ஒவ்வொன்றிலும் இறங்கி, வீட்டுக்காரரைத் தெருவுக்குக் கூப்பிட்டு, முன்பு சொன்ன அதே குரலில் சொன்னார்: "என்ரை மருமோளிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை. அவள் நான் சொன்னதைக் கேட்டவள்." சூடேறிய எஞ்சின் சீராக ஓடிக்கொண்டே நின்றது. நாலைந்து மாதமாக அந்த வீட்டில் ஒருநாளும் அழாத ஞானாம்பிகை, மூன்றாவது படலையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். முத்துக்குமாரு கண்ணாடியில் அதைப் பார்த்தார். இறங்கிப்போய் அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்போல இருந்தது. எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று தாய் சொல்லியிருந்தபடியால் ஸ்ரேரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். இன்னும் பதினொரு படலை இருந்தது.