நேர்ந்துவிட்ட குட்டியின் எடை

அறுபதுகளின் தொடக்கம். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டாம் வருஷம், கால்நடை டாக்டர் ஒரு டின் சத்துப்பொடியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எலும்புத்தூளும் உப்பும் இன்னும் என்னென்னவோ கலந்த பொடி. அதைத் தின்றால் ஆட்டுக்குட்டி கூடுதலாக எடை போடுமா என்று பார்க்க வேண்டுமாம். எங்களிடம் ஒரே வயதில் நான்கு கிடாக்குட்டிகள் இருந்தன. இரண்டுக்குப் புண்ணாக்கோடு பொடி, இரண்டுக்கு வெறும் புண்ணாக்கு. நான்கையும் கட்டியே வளர்க்க வேண்டும் என்பது கண்டிஷன். ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் எடை பார்த்து எழுதும் வேலை எனக்கு வந்தது. பொம்பளைக்கு எதுக்குத் தராசு என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் குட்டியைக் கோணியில் போட்டு, வேப்பங்கிளையில் மாட்டிய முள்தராசில் தூக்குவேன். மூன்றாம் மாதம் பார்த்தால், பொடி தின்னாத ஒரு குட்டி மற்ற மூன்றையும் தோற்கடித்துக் கொழுகொழுவென்று நின்றது. டாக்டர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதியதில் தப்பு இருக்கும், வேறு வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்றார். வீட்டுக்காரர் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

மறுநாள் வயலுக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பினேன். என் மாமியார் அந்தக் குட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார். அது தெருவில் ராஜா மாதிரி நடந்தது. ஒரு வீட்டில் கழுநீர், அடுத்த வீட்டில் கம்பு, அதற்கடுத்து அகத்திக்கீரை. கொடுத்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"கருப்பசாமிக்கு நேந்த குட்டி, ஆத்தா. அதைக் கட்டிப் போடலாமா?" என்றார் மாமியார். நேர்ந்துகொண்டதை என்னிடம் சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

டாக்டரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் குட்டியை நோட்டிலிருந்து அடித்துவிடச் சொன்னார்.

"அடிக்க மாட்டேன் சார். அது எடை நெசம். ஊரே தீனி போட்டுச்சுன்னு பக்கத்துல எழுதுறேன். நேராத குட்டியா நாலு பிடிச்சு மறுபடியும் பாப்போம்."

பார்த்தோம். மாமியாரிடம் முதலிலேயே சத்தியம் வாங்கிவிட்டேன். இந்தத் தடவை பொடி தின்ற இரண்டும் மற்ற இரண்டையும் நன்றாகவே முந்தின. ஊர்க்கூட்டத்தில் டாக்டர் என் நோட்டை விரித்து வைத்துத்தான் பேசினார். சாமிக்குட்டியைப் பற்றி நான் எழுதியதையும் விடாமல் வாசித்தார். இப்படி ஒளிக்காமல் எழுதிய நோட்டு தனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் கூப்பிடாமலே வீட்டுக்காரர் வந்து கோணியைப் பிடித்தார். கொக்கியில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்று, "எம்புட்டு இருக்கு, பாத்துச் சொல்லு" என்றார்.