பச்சை முக்கோணப் பாக்கெட்

இரண்டு வருடங்களுக்கு முன், ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆரம்பித்தது இது. நான் வீட்டிலேயே மீன் வறுவல் மசாலா அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். பச்சை நிறத்தில் முக்கோணப் பாக்கெட், நடுவில் வெள்ளை வட்டம். எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் அக்கா அதைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு, மீனோடு சேர்த்து விற்பார்.

அன்று காலை கூடையோடு வந்து நின்றவர் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

"என்னாம்மா கலந்து வெச்சிருக்க? சட்டியில போட்டதும் கருகிப் போவுதாம். என் மீனுதான் கெட்டதுன்னு தெருவே பேசுது!"

பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். அதே பச்சை, அதே முக்கோணம், அதே வட்டம். பேர் மட்டும் வேறு. யாரோ புதிதாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் அந்த அக்கா மேல்தான் பாய்ந்தது.

"பேரைப் பாத்து வாங்கக் கூடாதாக்கா?"

"எனக்கு ஏது படிப்பு? பச்சப் பாக்கெட்டு, அவ்ளோதான் தெரியும்."

போலிக்காரர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பேசாமல் நம் பாக்கெட்டையே மாற்றிவிடலாம் என்று தங்க நிறத்தில் ஒரு டிசைன் போட்டு, அவரிடமே காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப பச்சைய அவனுக்கே வுட்டுட்டுப் போற. வாங்கிப் பழகனவங்க என்னா பண்ணுவாங்க?"

தங்க நிற டிசைனைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.

உப்பளம் பகுதியில் இருக்கும் ஒரு வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தேன். பேர் வேறாக இருந்தாலும், ஒரு பொருளின் தோற்றத்தைக் காப்பியடித்து மக்களைக் குழப்பினால் சட்டத்தில் தடுக்க வழி இருக்கிறது என்றார். ஆனால், தோற்றத்தைப் பார்த்து ஏமாந்தேன் என்று சொல்ல ஆள் வேண்டுமாம். அதற்கு யார் வருவார்கள்? கேட்டவர்கள் எல்லாம் நழுவினார்கள்.

மீன்கார அக்கா வந்தார். அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். வக்கீலம்மா எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கைநாட்டு வைத்தார்.

"ஏமாந்தேன்னு சொல்ல எனக்கு என்னா வெக்கம்? ஏமாத்துனவன் இல்ல வெக்கப்படணும்!"

போலிக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. அவர்கள் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு, பிறகு நிறத்தையும் வடிவத்தையும் மாற்றிக்கொண்டார்கள். அக்காவிடம் மீன் வாங்குவதை நிறுத்தியவர்களில் பாதிப் பேராவது திரும்பி வந்தார்கள்.

பேரைப் படிக்கத் தெரியாமல், நிறத்தை மட்டும் நம்பிக் கை நீட்டுகிற ஒருவரை அன்று நான் போலிக்காரனிடம் விட்டுவிட்டு ஓடப் பார்த்தேனே என்று நினைத்தால், இன்றும் மனசு பதறுகிறது.