நிரோஷாவின் அச்சாறு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு திதிக்குப் போயிருந்தேன். டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம். கோயில் மண்டபத்தில் பாய் விரித்து, வாழை இலையில் படையல் போட்டு, நடுவில் படத்துக்கு மாலை.

படத்தில் இருந்தவள் ஒன்பது வயது நிரோஷா. என் வகுப்பில் படித்தவள். கணக்குப் பாடம் நடக்கும்போது மேசைக்கு அடியில் மாங்காய் அச்சாறு தின்பாள். பிடித்துவிடலாம் என்று கேள்வி கேட்டால், விரலைச் சப்பிக்கொண்டே சரியான விடையைச் சொல்லுவாள்!

இரத்தப் புற்றுநோய். போன வருடம் போய்விட்டாள்.

பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பம் வருடத் திதிக்கு என்ன செய்யும்? அன்னதானம் போடும். கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டும். பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி கொடுத்து, அதன் முதுகில் பெயர் எழுதும். எல்லாம் நல்ல காரியம்தான்.

நிரோஷாவின் அம்மா சரோஜா அக்காவும் அப்பா மணியம் அண்ணனும் வேறொன்று செய்தார்கள். அக்கா கொழுந்து பறிக்கிறார். அண்ணனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. மகளுக்குக் கொழும்பில் வைத்தியம் நடந்தபோது, சிறுவர் புற்றுநோயை ஆராய்கிற ஒரு குழு அவளுடைய இரத்தத்தில் கொஞ்சம் பாதுகாத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறது. இருவரும் சம்மதித்தார்கள். பிள்ளை போன பிறகும் அந்தக் குழுவின் டொக்டரோடு பேச்சை விடவில்லை.

"எங்க புள்ளைக்கு ஏன் வந்துச்சுன்னு கேட்டோம் டீச்சர். இன்னும் தெரியல, தேடிக்கிட்டு இருக்கோம்னாங்க. அப்ப நாமளும் சேந்து தேடணும்ல?"

காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடப் போகிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் அக்கா.

தேடுவதற்கு என்ன தேவை? நோய் வராத பிள்ளைகளின் எச்சில்! நோய் வந்த பிள்ளையின் மரபணுவை, அதே மலையகத்தில் சுகமாக வளர்கிற பிள்ளைகளுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். நம் பக்கத்துப் பிள்ளைகளின் மாதிரிகள் அவர்களிடம் மிகக் குறைவு. ஊசி கிடையாது. பெற்றோர் சம்மதித்தால், ஒன்றும் தின்னாத வாயோடு வந்து, சின்னக் குழாய் ஒன்றில் துப்பினால் போதும்.

அதனால், தோட்டமே கூடுகிற திதி நாளில் டொக்டரை அங்கேயே வரவழைத்துவிட்டார்கள். தோட்டத்துக் குடியிருப்புகளுக்கு லயம் லயமாகப் போய், வீடு வீடாகச் சொன்னார்கள் — "புள்ளைங்களோட வாங்க. சாப்பிடாம கூட்டிட்டு வாங்க."

எல்லோரும் வந்தோம். பிள்ளைகள்தான் வரவில்லை.

ஏன்? நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. சின்னப் பிள்ளை தவறிய வீட்டுக் காரியத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகமாட்டோம். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் கைக்குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி, தானாகச் செய்துவிடுவோம்.

நான் படித்தவள். டீச்சர் வேறு. புற்றுநோய் ஒட்டிக்கொள்ளாது என்று வகுப்பில் பாடமே எடுத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பத்தியை வழக்கமாக வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியுமே... மகள் தும்மினால் தெர்மாமீட்டரைத் தேடுகிற ரகம். காலையில் ஹர்ஷினிக்குச் சட்டை போட்டேன். கழற்றினேன். மறுபடி போட்டேன். கடைசியில், 'ஊரில் இவ்வளவு பிள்ளைகள் வரும். நம்முடையது ஒன்று வராவிட்டால் என்ன?' என்று அவளை அப்பாவோடு விட்டுவிட்டு வந்தேன்.

அதே கணக்கை எல்லா வீட்டிலும் போட்டிருக்கிறார்கள்!

டொக்டர் மேசையில் குழாய்களை அடுக்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களப் பெண்மணி. இதற்காகவே தமிழ் பழகியவர். "அம்மா, பிள்ளைங்க எங்கே?" என்று மெதுவாகக் கேட்டார். மத்தியானம் அவர் கிளம்ப வேண்டும். வெறும் கையோடு அனுப்பிவிட்டால், ஒற்றைப் பிள்ளையின் இரத்தத்தை வைத்துக்கொண்டு அவர் எதை எதோடு ஒப்பிடுவார்?

சரோஜா அக்கா கோபப்படவில்லை. தேத்தண்ணீர் தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய் விசாரித்தார்.

"மகன் டியூஷனுக்குப் போயிட்டான் அக்கா."

"சின்னவளுக்குச் சளி."

"நம்மளுதும் டியூஷன்தான்."

என் முறை வந்தது. சளி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வேறு வந்தது.

"வீட்டுல இருக்கா அக்கா... எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"பயந்தா வராதுன்னா, நான் ஊருக்கே சேத்துப் பயந்திருப்பேனே டீச்சர்."

குத்திக்காட்டவில்லை. என் தோளைத் தட்டித்தான் சொன்னார். நான் வெளியே வந்து கணவருக்கு ஃபோன் போட்டேன்.

"ஹர்ஷினிய கூட்டிட்டு வாங்க."

"நீதானே வேணாம்னு சட்டையெல்லாம் கழட்டுன?"

"இப்ப நான்தான் சொல்றேன்."

"இன்னும் சாப்பிடக்கூட இல்ல அவ."

"ரொம்ப நல்லது. அப்படியே கூட்டிட்டு வாங்க!"

உள்ளே தோட்டத் தலைவர் மாரிமுத்து அண்ணன் எழுந்துவிட்டார். "டீச்சரே கூப்பிட்டாச்சு. ஏய் செல்வம், உன் மவனையும் வரச் சொல்லு. பெரட்டுக் களத்துல பேட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். அது என்ன டியூஷன்டா, கிரிக்கெட்டுக்கா?"

சிரிப்பு கிளம்பியது. ஃபோன்களும் வெளியே வந்தன. கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்கச் செருப்பு!

முதல் ஆள் என் மகள். குழாயை வாங்கியவள் என்னைத்தான் பார்த்தாள். "துப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க அம்மா?" இன்றைக்கு மட்டும் துப்பலாம் என்றேன். முயன்று பார்த்தாள். வரவில்லை. பயத்தில் வாய் காய்ந்துவிட்டது. வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

அப்போது மணியம் அண்ணன் படையலிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். மகளுக்குப் பிடித்தது என்று வைத்த மாங்காய் அச்சாறு. "படைச்சது... பூசை முடியலயே?" என்று யாரோ இழுத்தார்கள்.

"அவ எடுத்துக் குடுத்ததா வச்சுக்குங்க. ஒளிச்சுத் திங்கிறவதானே" என்றபடி மூடியைத் திறந்தார்.

மிளகாய்த்தூளும் வினாகிரியும் மாங்காயும் கலந்த அந்த மணம்! ஹர்ஷினியின் வாய் ஊறியது. குழாய் நிறைந்தது. "துப்பி முடிச்சாத்தான் திங்கலாம்" என்று அண்ணன் போத்தலை உயர்த்திக் காட்ட, பிள்ளைகள் போட்டி போட்டுத் துப்பினார்கள். எனக்கே வாய் ஊறிவிட்டது.

டொக்டர் குழாய்களைப் பெட்டியில் அடுக்கும்போது சரோஜா அக்கா பக்கத்தில் போய் நின்றார்.

"எங்க புள்ளையோடதும் இதுங்களோடதான் இருக்குமா டொக்டர்?"

"ஒரே இடத்திலதான் வைப்போம் அம்மா."

"அப்ப சரி. தனியா இருக்க மாட்டா."

இதை எழுதும்போதும் என் கண் கலங்குகிறது. இந்த ஆராய்ச்சியில் விடை கிடைக்கலாம். கிடைக்க நெடுங்காலமும் ஆகலாம். எப்போது கிடைத்தாலும் நிரோஷா திரும்பப் போவதில்லை. அது அவர்களுக்கு நம் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான், அடுத்தவர் பிள்ளைகளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். என் பயமெல்லாம் என் வீட்டு வாசலோடு சரி. அவர்களுடைய துக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது!

சாப்பாடு முடிந்தது. திதி வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டோம் இல்லையா? வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து, தலையைக் குனிந்தபடி வெளியே நடந்தோம். அச்சாறு கையோடு வந்த ஹர்ஷினி வாசலில் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வர்றேன் அத்தை!"

அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டினேன். சரோஜா அக்கா ஓடி வந்து அவளைத் தூக்கிக்கொண்டார்.

"இந்த ஒரு வருஷமா எங்ககிட்ட யாரும் சொல்லிட்டுப் போனதே இல்ல. போயிட்டு வா தாயி."

அப்புறமென்ன... வெளியே போனவர்களும் திரும்பி வந்து, ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டுதான் கிளம்பினோம் — 'டியூஷனுக்குப் போன' பிள்ளைகள் உட்பட!