பரஸ்தானம் வைத்த பை

சீதாலக்ஷ்மி ஜூ டவுன் என்கிற பழைய யூதர் தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவள். ஒரு கைப்பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவாள். அதே கறார்ப் புத்தியோடுதான் அந்தமான் பயணத்துக்கும் திட்டம் போட்டாள். காடும் பாறையுமான ஒரு தீவை ஐந்து நாளில் நடந்தே கடப்பது. கூட வருகிறவர்கள் கிடங்குத் தோழிகள் மகாவும் ஸாதனாவும்.

வனத்துறை அனுமதிக்கே பதினொரு மாதம் ஆயிற்று. எந்த ஓடையில் நல்ல தண்ணீர், எந்தப் பாறையைக் கடல் நீர் இறங்கின பிறகு சுற்றிப் போக வேண்டும், ஆளுக்கு எத்தனை பிடி அவல், எல்லாம் அவள்தான் விசாரித்து எழுதினாள். பன்னிரண்டு கிலோ மிளகை முதுகில் கட்டிக்கொண்டு தினமும் விடிகாலையில் தோப்பும்படிப் பாலம் வரை நடந்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிவராமகிருஷ்ணன் சிரிக்கக்கூட இல்லை.

"நாப்பத்தொம்பது வயசுல என்னத்துக்காக்கும் இந்தக் கிறுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார். அவள் போட்ட வரைபடத்தை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரயில், மறுநாள் விமானம். மத்தியானம் கிடங்கிலிருந்து வந்து மச்சில் ஏறினால், புதன்கிழமையே கட்டி வைத்த பையைக் காணோம். அனுமதிக் கடிதம், அடுப்பு, கூடாரம், மூன்று பேருக்குமான மருந்து எல்லாம் அதில்தான்.

"ஏன்னா, பை எங்கே?"

"சனிக்கிழமை கிழக்கே சூலம். அதான் நேத்திக்கு நல்ல நேரத்துல வெங்கிடேஸ்வரனாத்துல பரஸ்தானம் வெச்சேன். பயணம் அப்பவே கிளம்பினதாக்கும். இனி அது நம்மாத்துக்குள்ள வரப்படாது, நேரா ஸ்டேஷன்தான்."

அடுத்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. பெண்ணுக்குப் பிரசவ வலி என்று வெங்கிடேஸ்வரன் குடும்பத்தோடு விடியற்காலையில் பாலக்காடு போயிருந்தார்.

சீதாலக்ஷ்மிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இரண்டு வருடத் திட்டத்தில் இந்த மனுஷர் கை வைத்த ஒரே காரியம் இது. அதையும் ஒரு வார்த்தை கேட்காமல் செய்திருக்கிறார்.

"அடுத்த மாசம் போனாப் போறது. தீவு எங்கயும் ஓடிப்போகாது" என்றார் அவர்.

"அனுமதி திங்கட்கிழமைக்கு. என் பேர்ல. ரெண்டு பொண்கள் ஸ்டேஷன்ல காத்துண்டு நிப்பா. உங்க சூலத்துக்கு அதெல்லாம் தெரியுமா?"

"பிரசவ நேரத்துல அவாளைத் தொந்தரவு பண்ணாதே" என்று அவர் தடுக்கத் தடுக்க, போனில் வெங்கிடேஸ்வரனைக் கூப்பிட்டாள்.

"பூட்டுதானே, உடைச்சுக்கோ சீதே. வந்து வேற மாட்டிக்கறேன்" என்றார் அவர்.

"அடுத்தாத்துப் பூட்டை உடைக்கறதா? தெருவே பார்க்கறது" என்று முணுமுணுத்தார் சிவராமகிருஷ்ணன்.

தெரு பார்க்கத்தான் செய்தது. அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்றே அடியில் பூட்டைத் தெறிக்க விட்டாள். குழவியை அவர் கையில் திணித்தாள். கூடத்தில் சாமி படத்துக்கு எதிரே, சந்தனமும் குங்குமமும் இட்டு, பை உட்கார்ந்திருந்தது. கடிதம் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, மிளகுத் தூசி படிந்த சுடிதாரோடு அப்படியே தோளில் ஏற்றினாள்.

சிவராமகிருஷ்ணன் தன் வீட்டு வாசலில் குழவியோடு நின்றார். குரல் இறங்கியிருந்தது.

"உள்ள வந்து ஒரு வாய் மோராவது குடிச்சுட்டுப் போ."

"பரஸ்தானம் வெச்சது ஆத்துக்குள்ள வரப்படாது. நீங்க சொன்னதாக்கும்" என்றாள். படியேறாமல் ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.