துக்லா இறக்கத்தில் ஜஸ்மாயா திட்டியது

ஜஸ்மாயா ராயின் வாய்க்குப் பயந்து, நேபாளத்தின் எவரெஸ்ட் பாதையில் லுக்லாவிலிருந்து நாம்சே வரைக்கும் கோவேறு கழுதைகள்கூட ஓரமாகத்தான் போகும் என்று சுமைக்காரர்கள் சொல்வார்கள். கழுதைகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும். ஆனால் யாரும் கேட்டதில்லை.

வயது நாற்பத்தொன்று. உயரம் ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. முதுகில் டோகோ என்கிற மூங்கில் கூடை. அந்தக் கூடையைத் தாங்கும் நாம்லோ பட்டை நெற்றியில். கையில் தோக்மா, அதாவது நின்றபடியே கூடைக்கு முட்டுக்கொடுத்து மூச்சு வாங்குவதற்கான குட்டைக் கட்டை. இந்த மூன்றும் போக அவளிடம் இருந்த நாலாவது கருவி வாய்தான். அது மட்டும் ஒருநாளும் தேய்ந்ததில்லை.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. டீக்கடையில் எவளாவது கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனால், அடியில் ஒரு கல்லைச் செருகிவிடுவாள். அதிகமாக மாட்டியவள் மெந்தோ தமாங். ஒருமுறை பாக்டிங்கில் ஏறிய கல் நாம்சேயில்தான் இறங்கியது. நடுவில் ஒரு நாள் ஏற்றம்.

"ஏ எருமை! என் கூடையில பல்லி ஏறினாக்கூட எனக்குத் தெரியும்னு பீத்திக்கிட்டியே. இது என்னவாம், பல்லி முட்டையா?" என்று ஜஸ்மாயா கல்லைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

"சிரி, சிரி. உன் மூஞ்சிக்கு அது ஒண்ணுதான் கொறச்சல். உன் புருஷன் எதுக்கு மலேசியாவுக்கு ஓடினான்னு இப்பத்தான் வெளங்குது."

"உன் புருஷனும் அங்கதானடி ஓடினான், அது எதுக்காம்?"

"உன்னப் பார்த்துத்தான்டி! நாலு நாள் உன்கூட சுமை தூக்கினான்ல!"

ஆறு வருஷம் இப்படி. திட்டாமல் அவர்கள் ஒரு டீ குடித்ததில்லை.

ஏழாம் வருஷ மழைக்காலத்தில் மெந்தோவின் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். நாலு வயது. சுகாதார நிலையம் அரை நாள் நடை. "காலையில தூக்கிட்டுப் போகலாம்னு படுத்துட்டேன்" என்று மெந்தோ ஜஸ்மாயாவிடம் சொன்னாள். ஒரே ஒரு முறை. வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஜஸ்மாயாவும் அதை எங்கேயும் எடுத்ததில்லை. அவள் காதில் போய் வாய் வழியாக வெளியே வராமல் தங்கிய ஒரே சங்கதி அதுதான்.

அடுத்த சீசனில் மெந்தோ ஒரு யோசனையோடு வந்தாள்.

"நாம மிதினி கட்டிக்குவோம்டி."

"எதுக்கு? இப்ப என்ன கொறச்சல்?"

"நான் செத்தா துக்கம் காக்க ஒரு ஆளு வேணும். பதிமூணு நாள் உப்பில்லாம சோறு திங்க. அந்த மலேசியாக்காரன் திம்பானா?"

"நீ செத்துத் தொலை. உப்பில்லாம என்னடி, சர்க்கரை போட்டே திங்கிறேன்" என்றாள் ஜஸ்மாயா. சொல்லிவிட்டு மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

லுக்லாவில் ஒரு லாமாவை வைத்து, பொட்டு வைத்து, ஒருவரை ஒருவர் கும்பிட்டு மிதினி, அதாவது சடங்கு செய்து கட்டிக்கொள்ளும் சிநேகிதி, ஆனார்கள். துணிமணி மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். இவர்கள் நெற்றிப் பட்டையை மாற்றிக்கொண்டார்கள். ஜஸ்மாயா தன் கையால் பின்னிய நாம்லோ மெந்தோவின் நெற்றிக்குப் போனது. மெந்தோ பின்னியது இவளுக்கு வந்தது.

அதோடு வந்தது வினை. மிதினி என்றால் கூடப்பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும். கேலி கூடாது, சண்டை கூடாது, அவள் சொன்ன வார்த்தைக்கு மறுவார்த்தை கூடாது. வைது பேசினால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அன்று சாயங்காலம் டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்களுக்குப் பேச ஒன்றுமே இல்லை.

"டீ குடிக்கிறீங்களா மிதினி?"

"நீங்க குடிச்சா நானும் குடிக்கிறேன் மிதினி."

பக்கத்துப் பெஞ்சில் இருந்த சுமைக்காரன் ஒருவனுக்கு டீ புரையேறிவிட்டது. "டேய், மந்திரி சம்சாரங்க ரெண்டு பேர் வந்திருக்காங்கடா, எந்திரிச்சு நில்லுங்கடா!"

முன்புபோல் இருந்தால் அவன் குலம் கோத்திரம் மொத்தமும் வெளியே வந்திருக்கும். ஜஸ்மாயா உதட்டைக் கடித்துக்கொண்டு டீயைக் குடித்தாள். கல் வைக்கிற விளையாட்டும் அன்றோடு நின்றது.

அந்த ஐப்பசியில் ஏழு வெள்ளைக்காரர்களுக்குச் சுமை தூக்கி இருவரும் மேலே போனார்கள். மெந்தோவின் கூடையில் மற்றதோடு ஒரு மடக்கு நாற்காலியும் இருந்தது. அந்த நாற்காலிக்குச் சொந்தக்காரி மெந்தோவின் தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். சுமைக்காரர்களுக்குத் தலைவரான சர்தார் அதை மொழிபெயர்த்தார். "நீங்க எல்லாம் இந்த மலைக்குன்னே பொறந்தவங்களாம். கொடுத்து வெச்சவங்களாம்." மெந்தோ பிறந்த ஊரில் வாழையும் ஆரஞ்சும் காய்க்கும். பனியை அவள் முதல்முதலாகப் பார்த்தது கல்யாணத்துக்குப் பிறகு, சுமையோடு.

நாம்சேக்கு மேலே திங்போச்சேயிலேயே மெந்தோவுக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது.

"என்ன மிதினி, சாப்பாட்டத் தொடலியே?"

"நாம்லோதான் மிதினி. நெத்தியில கொஞ்சம் அழுத்துது."

எந்தச் சுமைக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இருபது வருஷமாக நெற்றியில் பட்டை கட்டி ஐம்பது கிலோ இழுக்கிற ஆளுக்குத் தலைவலி வந்தால் வேறெதைச் சொல்வார்? உயரத்தில் காற்றுக் குறைந்து மலை பிடிப்பதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கும் காட்மாண்டு பையன்களுக்கும். சுமைக்காரருக்கு நாம்லோ பிடிக்கும். அவ்வளவுதான் கணக்கு.

அதிலும் அது ஜஸ்மாயா கொடுத்த நாம்லோ. அவளுக்கு மானம் போனது. சரியாகப் பின்னாத பட்டையை மிதினிக்குக் கொடுத்துவிட்டோமே என்று தன் முக்காட்டைக் கிழித்து உள்ளே மெத்தை வைத்துத் தைத்தாள். கயிற்றைத் தளர்த்தினாள். மறுநாள் காலை மெந்தோ வாந்தி எடுத்தாள்.

"மிதினி, இன்னிக்கு இங்கயே தங்கிடலாமா?"

"வேணாம் மிதினி. நாம்லோ இப்ப எவ்வளவோ பரவாயில்ல."

'பரவாயில்லையாம்! குடலைக் கக்கிட்டு நிக்கிற, மூதேவி, கூடையை எறக்குடி!' இது ஜஸ்மாயாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"நீங்க சொன்னா சரி மிதினி" என்றாள்.

துக்லா ஏற்றத்தின் உச்சியில், மலையில் செத்தவர்களுக்கு அடுக்கிய கல் கோபுரங்கள் வரிசையாக நிற்கும் இடம். மெந்தோ அதில் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நடந்த நடையே குடித்தவள் நடையாக இருந்தது. சர்தார் வந்து பார்த்தார். சுமையை நாலு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். "கொஞ்சம் படுத்து எந்திரிச்சு மெதுவா வரட்டும். நீ கூட இரு" என்று ஜஸ்மாயாவிடம் சொல்லிவிட்டு ஏழு பேரோடும் மேலே நடந்தார். நாற்காலி முதலில் போனது.

"மிதினி, கீழ போயிடலாம் வாங்க. பெரிசேயில ஆஸ்பத்திரி இருக்கு."

"நான் வரல மிதினி. கொஞ்சம் தூங்கினா சரியாயிடும்."

"மிதினி, கெஞ்சிக் கேக்கறேன்."

"சத்தம் போடாதீங்க. பாப்பா தூங்கறா" என்றாள் மெந்தோ, பக்கத்துக் கல்லைத் தடவிக்கொண்டே. "காலையில தூக்கிட்டுப் போகலாம்."

ஜஸ்மாயா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மெந்தோ அவளைவிட ஒன்றரை மடங்கு. அசையவில்லை. தூக்கிக் கூடையில் போடவும் முடியாது. தானாக எழுந்து நடந்தால்தான் உண்டு. இந்தப் பொம்பளையை எழுப்ப என்ன வேண்டும் என்று ஜஸ்மாயாவுக்கு மட்டும்தான் தெரியும். ஆறு வருஷ அனுபவம்.

எருமை என்று ஆரம்பித்தாள். மெந்தோ கண்ணைத் திறக்கவில்லை. புருஷனை இழுத்தாள். அம்மாவை, அப்பனை, தாத்தாவை இழுத்தாள். ஒரு சுருக்கம்கூட முகத்தில் விழவில்லை. கையிருப்பில் கடைசியாக ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதை எடுத்தாள்.

"படுத்துக்கடி! நல்லா படு! அன்னிக்கும் இப்படித்தான படுத்த? அரை நாள் நடக்கச் சோம்பேறித்தனப்பட்டுத்தான பெத்த பொண்ணக் கொன்ன? பாப்பா தூங்கறாளாம்! தூங்க வெச்சதே நீதான்டி!"

மெந்தோவின் கண் திறந்தது. கை தரையைத் துழாவித் தோக்மாவைப் பிடித்தது. எழுந்தாள்.

ஜஸ்மாயா ஓடினாள். இறக்கத்தில்.

பின்னால் மெந்தோ, விழுந்து, எழுந்து, கட்டையை ஓங்கிக்கொண்டு. அவள் தளர்ந்து நின்ற இடத்திலெல்லாம் ஜஸ்மாயாவும் நின்றாள்; திரும்பி அதையே வேறு வார்த்தையில் சொன்னாள். மகள் சாகும்போது அம்மா என்று கூப்பிட்டாளா, நீ குறட்டை விட்டாயா என்று கேட்டாள். குழந்தையின் செருப்பை இன்னும் மூட்டையில் வைத்திருப்பது யாரை ஏமாற்ற என்று கேட்டாள். எதிரே ஏறி வந்த சுமைக்காரர்கள் ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர் இது ஏதோ மலைநாட்டு விளையாட்டு என்று நினைத்து நின்று பார்த்தார்கள். ஒருவன் கை தட்டினான். இன்னொருவன் படம் எடுத்தான்.

துக்லா தாண்டி, ஓடை தாண்டி, பெரிசேயின் சமவெளி வரைக்கும் அப்படியே. ஆஸ்பத்திரி வாசலில் ஜஸ்மாயா நின்றாள். இனி ஓட வேண்டியதில்லை. மெந்தோ வந்து ஒரே போடு போட்டாள். ஜஸ்மாயாவுக்கு இடது கை மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டது. மெந்தோ அதற்குமேல் முடியாமல் வாசலிலேயே விழுந்தாள்.

காற்றை அடைத்து, கீழே இறங்கிவிட்ட மாதிரி அழுத்தம் தருகிற நீளப் பைக்குள் அவளைப் படுக்க வைத்தார்கள். "மூளையில தண்ணி சேர்ந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் மேல இருந்திருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர். "எப்படி நடக்க வெச்சீங்க?"

"பேசிக்கிட்டே வந்தோம்" என்றாள் ஜஸ்மாயா.

மறுநாள் மத்தியானம் மெந்தோவுக்குத் தெளிந்தது. கட்டுப் போட்ட கையோடு ஜஸ்மாயா டீ கொண்டுபோனாள். மெந்தோ அதை வாங்கவில்லை. தலையணைக்குக் கீழிருந்து அந்த நாம்லோவை எடுத்தாள். மெத்தை வைத்துத் தைத்தது. சுருட்டிக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

"எனக்கு உயிர் தந்தீங்க. தெரியுது."

"அடியே, உன்ன எழுப்பறதுக்குத்தான்டி…"

"பொய்யா ஏதாவது சொல்லி எழுப்பியிருக்கலாம்" என்றாள் மெந்தோ. "நீங்க சொன்னது அத்தனையும் நெசம். அத வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு மூன்று சீசன். இருவரும் அதே பாதையில்தான் ஏறி இறங்கினார்கள். எதிரே பார்த்தால் மெந்தோ மலையோரமாக ஒதுங்கி வழிவிடுவாள், யாரோ ஒரு சுமைக்காரிக்கு விடுவது போல. நெற்றியில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் நாம்லோ. செருப்புச் சங்கதி பாதை முழுக்கப் பரவியிருந்தது. சின்னப் பையன்கள்கூட அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஜஸ்மாயாவும் முன்போல் யாரையும் திட்டுவதில்லை. வாய்க்கு வயசாகிவிட்டது என்று சுமைக்காரர்கள் சொன்னார்கள்.

மூன்றாம் வருஷம் ஜோர்சலே டீக்கடையில் மெந்தோவின் கூடை தனியாக இருந்தது. ஜஸ்மாயா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆற்றோரம் போய் நல்ல கல்லாகப் பொறுக்கி எடுத்து வந்து அடியில் செருகினாள். நாம்சே ஏற்றம் மூன்று மணி நேரம். ஏறட்டும், கூடையைக் கொட்டட்டும், கல்லைப் பார்க்கட்டும். அந்த எருமையால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? ஒரே ஒரு திட்டு போதும்.

கை வலிக்கிறது என்று சொல்லி மறுநாளும் அந்தக் கடையிலேயே கிடந்தாள். மத்தியானம் மெந்தோ இறங்கி வந்தாள். வெறும் கூடை. கூடைக்குள் கல் மட்டும்.

மெந்தோ கூடையை இறக்கினாள். கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். ஜஸ்மாயாவின் டீ கிளாஸ் பக்கத்தில், டீ சிந்தாமல், மெதுவாக வைத்தாள். பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஆற்றின் தொங்கு பாலத்தைப் பார்த்து நடந்தாள்.

"ஏ எருமை! திட்டிட்டாவது போடி!"

மெந்தோ திரும்பவில்லை. பாலம் கொஞ்ச நேரம் ஆடி நின்றது.

கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா அது, கல்லு?"

"பல்லி முட்டை" என்றாள் ஜஸ்மாயா. அவனுக்கு அது புரியவில்லை. சிரிக்கவும் இல்லை.